சம்பந்தி வாயில் போட்டுக்கொண்ட மிட்டாய் குறித்து

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் தேதி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் தொண்டையும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. அந்த வரியை எழுத முடியாமல் போனதால்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் வண்டி வரவை அறிவித்தவர். வேலைதான் ஓய்வு பெற்றதே தவிர குரல் ஓய்வு பெறவில்லை. நான் இந்தப் பக்கம் ரகசியமாகச் சொல்வதைத் தாங்கள் அந்தப் பக்கம் "என்னது, பெருங்குடலா?" என்று ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்டால் போதும், தங்கள் அடுக்குமாடியின் நான்கு தளத்துக்கும் செய்தி போய்விடும். தவறாக நினைக்க வேண்டாம். அது குறையல்ல, திறமை. ஆகவே எழுத்தில்.

முதலில் கதவு. போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நான் மேசையிலிருந்து மூன்று முறை எழுந்து போனதையும், மூன்றாவது முறை போனவன் ஐம்பது நிமிடம் திரும்பாததையும், தாங்கள் கழிப்பறைக்கு வெளியே நின்று "சம்பந்தி, இருக்கீங்களா?" என்று கேட்டதையும், நான் உள்ளிருந்து "இருக்கேன், இருக்கேன்" என்று சொன்னது தங்கள் குரலில் அமுங்கிப்போனதையும், உடனே தாங்கள் மாடிப்படியில் நின்று "அனைவரும் கவனிக்கவும், நம்ம சம்பந்தி உள்ளே மயங்கிட்டார்" என்று அறிவித்ததையும், எதிர்வீட்டுத் தச்சர் உளியோடு ஓடிவந்து கதவைக் கீலோடு கழற்றியதையும் நான் மறக்கவில்லை. தச்சரும் மறக்க மாட்டார். ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். கதவு பெயர்ந்த அந்த நேரத்தில் நான் எழுந்து, உடையெல்லாம் முறையாகப் போட்டுக்கொண்டு, கடைசிப் பொத்தானில் கை வைத்திருந்தேன். தச்சர் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். அவர் கையில் கதவைப் பிடித்துக்கொண்டே "ஐயா, வணக்கம்" என்றார். நானும் வணக்கம் என்றேன். வேறு என்னதான் சொல்வது?

என் சட்டைப் பையில் மடித்த காகிதமும் காதில் சிவப்புப் பென்சிலும் இருந்ததைத் தாங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். விளக்கம் கேட்கவில்லை, பெரிய மனசு. நானே சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன் என்று தங்களுக்குத் தெரியும். என்ன அச்சகம் என்று தெரியாது. கதைப் புத்தகமோ கல்யாணப் பத்திரிகையோ அல்ல. மருந்துப் பெட்டிக்குள் எட்டாகப் பத்தாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காமல் தூக்கிப் போடுகிற தாள், அதைப் படித்தவன் நான். இருபத்தெட்டு வருடம். ஒரு வரியைப் படித்துப் பிழையில்லை என்றால் ஓரத்தில் சிவப்பில் ஒரு டிக். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மருந்து வாங்கினால் மாத்திரையைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பிரிப்பேன், வரிவரியாக டிக் போடுவேன், பீரோவில் கோப்பில் வைப்பேன். கழிப்பறையில் அதிக நேரம் கழிக்க வேண்டியவனுக்கு இது உபயோகமான பொழுதுபோக்கு.

தச்சர் கதவைத் திரும்ப மாட்டுவதற்குள், பயணப் பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்த என் மகளும் தங்கள் மகனும் திரும்பிவிட்டார்கள். சுவரில் சாய்ந்து நின்ற கதவைப் பார்த்து அவள் "என்ன மாமா இது?" என்றதும், என் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்ட தாங்கள் "கீலுக்கு எண்ணெய் போடறோம்மா" என்றீர்கள். சற்றும் தடுமாறவில்லை. வராத வண்டியை இன்னும் சில நிமிடங்களில் வரும் என்று முப்பது வருடம் சொன்ன வாய் அல்லவா! அந்த உதவியை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

இரண்டாவது, மிட்டாய். கதவு விவகாரம் முடிந்து சோபாவில் உட்கார்ந்து வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உதறினேன், அதிலிருந்து பதினோரு மாத்திரை உருண்டது. தாங்கள் "இதென்ன சம்பந்தி?" என்று கேட்டீர்கள். அடுத்த அறையில் என் மகள் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த அவசரத்தில் என் வாயில் வந்தது, "தொண்டைக்குப் போடற மிட்டாய்." தாங்கள் உடனே கையை நீட்டிவிட்டீர்கள். "அட, காலையிலேர்ந்து நமக்கும் கரகரன்னு இருக்கு, ஒண்ணு குடுங்க." நான் பழசு என்றேன், கசக்கும் என்றேன், கைக்குட்டை அழுக்கு என்றேன். "உங்க கைக்குட்டைதானே சம்பந்தி" என்று சொல்லி எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். பெண்ணையே கொடுத்த வீட்டில் மிட்டாயைக் கொடுக்க மாட்டேன் என்று கையைப் பிடுங்கவா முடியும்? "என்ன இது, இனிப்பே காணோம்?" என்றீர்கள். "பெரியவங்களுக்கானது" என்றேன். "சுண்ணாம்பு மாதிரி இருக்கே" என்று கடித்து, தண்ணீர் குடித்து, விழுங்கியும் விட்டீர்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சம்பந்தி அவர்களே, அது மிட்டாய் அல்ல. அது என் குடலுக்கான மாத்திரை.

பயப்பட வேண்டாம். நேற்றுக் காலை கடை திறந்ததும் மருந்துக்கடைக்காரரிடம், "எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் தெரியாம ஒண்ணு சாப்பிட்டுட்டார்" என்று விசாரித்தேன். "ஒண்ணுதானே, நல்லா இருக்கறவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே குடுக்காதீங்க" என்றார். அத்தோடு முடித்துவிடலாம் என்று இருந்தேன். பதினோரு மணிக்குத் தாங்கள் போன் செய்தீர்கள். "அருமையான சரக்கு சம்பந்தி! தொண்டை கணீர்னு ஆயிடுச்சு. இன்னும் ஒரு பத்து குடுத்து அனுப்புங்க. நம்ம தச்சருக்கும் இருமல், அவருக்கும் ரெண்டு குடுக்கலாம்." தயவுசெய்து வேண்டாம். தச்சருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஏற்கெனவே அதிகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பெருங்குடலில் அழற்சி. உள்சுவர் புண்ணாகி, வீங்கி, ரத்தம் கசிகிறது. தொற்று நோயல்ல, தங்கள் கழிப்பறையைக் கழுவிவிட வேண்டிய அவசியமில்லை. இது எதனால் வருகிறது என்று குடல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உடம்பே உடம்போட சண்டை போடுது சார்" என்றார். யார் ஜெயிப்பார்கள் என்றேன். "மாத்திரை சாப்பிட்டா நீங்க" என்றார். ரொம்பப் பேச மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு, "அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று தங்களிடம் சொன்னோமே, அது இதுதான். ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை. பதினோரு நாள் படுக்கை. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். அதில் என் முகம் பஞ்சடைத்த தலையணையாகி, ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று வாங்கப் போன அலுவலகத்தில் அங்கிருந்த அம்மாள் புகைப்படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அவரையே நேர்ல வரச் சொல்லுங்க" என்றார். ஒரு வழியாக அது அடங்கியது. "இது தீர்ற வியாதி இல்லை, அடங்கற வியாதி. அடங்கி இருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது, நல்லா இருக்கோமேன்னு நிறுத்தினா திரும்ப வரும்" என்று டாக்டரம்மா சொன்னார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரு வருடம் ஒழுங்காக விழுங்கினேன்.

பிறகு யோசித்தேன். அச்சகத்தில் ஒரு பக்கத்தில் பிழை தீர்ந்துவிட்டால் அதை மறுபடி திருத்த மாட்டோம், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். என் குடலில் பிழை இல்லை, பின் எதற்கு நாள் தவறாமல் மாத்திரை? போதாக்குறைக்கு அந்தத் தாளில் முப்பத்தொரு பக்கவிளைவு. நானே எண்ணி டிக் போட்டவன். ஆகவே பாதியைச் சாப்பிட்டு, மீதியை மனைவி திரும்புகிற நேரத்தில் கைக்குட்டையில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். முழுதாக நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்கவும். நான் அவ்வளவு பொறுப்பற்றவன் அல்ல. நான்கு மாதத்தில் ரத்தம் திரும்ப வந்தது. டாக்டரம்மா, "மாத்திரை தவறாம சாப்பிடறீங்களா?" என்றார். "தவறாமல்" என்றேன். தவறாமல் பாதி என்று அவர் கேட்கவில்லை. அவர் இரண்டை நாலாக்கினார், நான் அதிலும் பாதியை ஒதுக்கினேன். வேடிக்கை என்னவென்றால், கணக்குப்படி பழைய முழு அளவு இப்போது உள்ளே போகிறது, பழையபடி அடங்க வேண்டும். அடங்கவில்லை. இது எனக்கே புரியாத புதிராக இருக்கிறது.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை டப்பாவை நிரப்புவது அவள் பொறுப்பு. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு, தண்ணீரோடு கொண்டுவந்து வைப்பாள். ஆனால் கொஞ்ச காலமாக என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறாள். நான் தலை வாரியதும் சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முடி எண்ணுகிறாள். "மூட்டு வலிக்குதாங்க? மறைக்காம சொல்லுங்க" என்கிறாள். கையைச் சொறிந்தால் கண் கலங்குகிறாள். கொசு கடித்தது என்றால், "எனக்குத் தெரியும், நீங்க எதையும் சொல்ல மாட்டீங்க" என்கிறாள். வயதாகிறது, பாவம்.

வெளியே போவதும் சிரமமாகிவிட்டது. இப்போது என் நண்பர்கள் என்று சொன்னால் கழிப்பறைச் சாவி வைத்திருப்பவர்கள்தான். நகலெடுக்கும் கடைக்காரர், நூலகர், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடிக்காரரிடம் சும்மா போய்ச் சாவி கேட்கக் கூச்சமாக இருப்பதால் போகும்போதெல்லாம் கண்ணைச் சோதித்துக்கொள்கிறேன். இந்த மாதத்தில் நான்கு முறை. என் பார்வை மிகவும் நன்றாக இருக்கிறது.

போன வாரம் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "மாத்திரை முழு அளவுல குடுத்தும் கேக்கலை சார். இனிமே மூணு வழி. மறுபடி ஸ்டீராய்டு குடுக்கலாம், ஆனா அது தீயை அணைக்கத்தான், அதை வெச்சே காலத்தை ஓட்ட முடியாது. இல்லைன்னா எதிர்ப்பு சக்தியோட வேகத்தைக் குறைக்கற மருந்து. அதுல மாத்திரையும் இருக்கு, ஊசியும் இருக்கு. உங்களுக்கு ஊசிதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்காந்து நரம்பு வழியா ஏத்திக்கணும், அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. அதுக்கு முன்னாடி காசநோய் இருக்கான்னு ஒரு சோதனை. அதுவும் கேக்கலைன்னா ஆபரேஷன், பெருங்குடலையே எடுத்துடறது." எடுத்துவிட்டு என்று இழுத்தேன். "எடுத்துட்டு நிறைய பேர் நல்லா இருக்காங்க" என்றார். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஊசி மருந்தின் தாள் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது சம்பந்தி. பதினாறு மடிப்பு. எறும்பு மாதிரி எழுத்து. ஒன்பது நாள் உட்கார்ந்து நான்தான் படித்தேன். அதில் எழுதியிருப்பதை எல்லாம் இங்கே எழுதினால் தங்களுக்கு இப்போதே இரண்டு மூன்று வந்துவிடும். நான் இதை டாக்டரம்மாவிடம் வரிசையாக மனப்பாடமாய் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்குப் பக்கத்துலயே பத்தாயிரத்துல ஒருத்தருக்கு, மிக அரிதுன்னெல்லாம் போட்டிருக்குமே, அதைப் படிக்கலையா?" என்றார். படித்தேன், அந்த வரியில் பிழை எதுவும் இல்லை என்றேன்.

ஆகவே தீர ஆலோசித்து மூன்றும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நான்காவது வழி ஒன்று எனக்குத் தெரியும்: பதினான்காம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது. இதுதான் மூன்றாவது விஷயம், உண்மையில் இதுதான் விஷயமே. பதினான்காம் தேதி காலை என் மகள் விமானம் ஏறுகிறாள். பாலத்துக்கு வரைபடம் போடுகிற அந்த வேலை அவளுக்கு முதலில் கிடைத்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. நான் படுத்தேன். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வரமுடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு, பதினோரு நாளும் என் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு முறை எழும்போதும் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வாசல் வரை வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். ஒரு நாளாவது முகம் சுளித்தவள் இல்லை. அதே வேலை மறுபடி அவளைத் தேடி வந்திருக்கிறது. தங்கள் மகனும் கூடப் போக விடுப்பு வாங்கிவிட்டார். எனக்கு நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்தால் அவள் அந்த நிமிடமே பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிடுவாள். மூன்றாவது முறை அந்த வேலை வராது.

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். தங்கள் வாழ்நாளில் தாங்கள் அறிவிக்காமல் விட்ட ஒரே தகவலாக இது இருக்கட்டும். இன்னொன்று. விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து எண்பது நிமிடம், வழியில் எனக்குத் தெரிந்த சாவி ஒன்றும் கிடையாது. அவளை வழியனுப்ப நான் வரமாட்டேன். முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்துவிடுங்கள். தாங்கள் சொன்னால் நம்புவாள். பெற்ற பெண் கிளம்புகிற நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை, தங்களுக்கே தெரியும்.

அவள் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகிறதோ ஆகட்டும். தங்கள் இல்லத்தில் எல்லோரும் ஆரோக்கியமாய், கதவுகள் எல்லாம் கீலில் உறுதியாய், நீண்ட நாள் வாழ வேண்டும். துணைவியாருக்கு என் வணக்கம். தச்சரைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். படித்ததும் கிழித்துவிடவும். கவரின் மேல் சிவப்பில் 'ரகசியம்' என்று எழுதி ஒட்டுகிறேன்.

தங்கள் அன்பிற்கும் மன்னிப்பிற்கும் உரிய,
சம்பந்தி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, ஆறாம் தேதி):

இந்தக் கடிதம் தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். மேலே எழுதியதில் பல இடங்கள் இப்போது பொருந்தாது. புதன்கிழமை இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் தன் சான்றிதழ்களை எடுக்க வந்தாள். மனைவி கவரை அவள் கையில் கொடுத்து, மாமாவிடம் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "ரகசியம்னு எழுதியிருந்துச்சுங்க. அதை எப்படி வெளி ஆள் கையில குடுக்கறது? நம்ம பொண்ணுன்னா பத்திரமா கொண்டுபோவா" என்கிறாள்.

மகள் பஸ் நிறுத்தத்தில் நின்று முழுவதையும் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். நேராகப் போய் பீரோவைத் திறந்து என் கோப்பை எடுத்து மேசையில் பரப்பினாள். அதைப் பார்த்ததும் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பாவுக்கு என்னென்ன வந்திருக்கு பாரும்மா. ஒண்ணு விடாம குறிச்சு வெச்சிருக்கார். முப்பத்தோரு இடம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை." சம்பந்தி, நான் போட்ட டிக்கையெல்லாம் அவள் எனக்கு வந்த வியாதிப் பட்டியல் என்று நினைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு டிக் என்றால் பிழையில்லை என்று அர்த்தம் என்பதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த மாத்திரைதான் புருஷனைக் கொல்கிறது என்று முடிவுகட்டி, ஆனால் முழுதாக நிறுத்தவும் பயந்து, டப்பாவில் நாலுக்கு இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய எலும்பு மாத்திரையை வைத்திருக்கிறாள். அவள் வைத்ததில் பாதியை நான் கைக்குட்டையில் போட்டிருக்கிறேன். நான்கு முறை கண் சோதித்துக்கொண்டவன், இரண்டு மாத்திரைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. நான் தாளைத்தானே படிப்பேன்!

நேற்று மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். கைக்குட்டையில் மிஞ்சியிருந்த பத்தையும் அவர் மேசைமேல் கொட்டிப் பிரித்தார். நாலு குடலுக்கு, ஆறு எலும்புக்கு. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "மருந்து கேக்கலைன்னு நான் ஊசி வரைக்கும் போயிட்டேன். மருந்து உள்ளேயே போகலை" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "உங்களுக்கு எலும்பு எப்படிம்மா இருக்கு?" என்றார். இனி நாலும் நாலாக உள்ளே போக வேண்டும். கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், நானாகக் கை வைக்கக் கூடாது. ராத்திரி கீழ்வழியாக வைக்கிற மருந்து ஒன்று, அதைப் பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம். இரண்டு மாதம் கழித்துச் சோதனை. அப்போதும் அடங்காவிட்டால் ஊசி. "அப்போ போட்டுக்குவீங்களா?" என்று கேட்டார். போட்டுக்கொள்கிறேன் என்று மூன்று பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

தாங்கள் சாப்பிட்டதைப் பற்றியும் கேட்டேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்களே, சுண்ணாம்புச் சத்துதான். அது என் மனைவியுடைய எலும்பு மாத்திரை. தங்கள் தொண்டை சரியானதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லையாம், அன்று மதியம் தூங்கிப்போய் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தீர்களே, அதுதான் காரணமாம்.

மகள் விமானச் சீட்டை ரத்து செய்யப் போனை எடுத்தாள். ரத்து செய்தால் மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினேன். நிறுத்தினால் அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று அவள் மிரட்டினாள். கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டாள். போகிறாள், சம்பந்தி. நிஜமாகவே போகிறாள்.

அத்தோடு பாலத்துக்கு வரைபடம் போடுகிறவள் பெரிய தாளை விரித்து எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை சாலையை வரைந்து, வழியில் ஐந்து கழிப்பறைகளைச் சிவப்பில் குறித்திருக்கிறாள். ஐந்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். மூன்றாவதற்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று எழுதியிருக்கிறது. தச்சரை அழைத்து வர வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிற டிக்குகளைப் பார்த்துத் தாங்கள் கலங்க வேண்டாம். மகள் போட்டவை. படித்துவிட்டேன் என்று மட்டும்தான் அர்த்தம். சின்ன வயதில் என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து என் குறிகளையெல்லாம் கற்றுக்கொண்டவள். ஒரே ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை. 'அவளை வழியனுப்ப நான் வரமாட்டேன்' என்ற வரியின்மேல் கோடு கிழித்து, ஓரத்தில் எங்கள் தொழிலில் 'இதை நீக்கவும்' என்பதற்குப் போடுகிற சுழியைப் போட்டிருக்கிறாள். அதை மீறி எந்த வரியும் அச்சுக்குப் போனதில்லை. ஆகவே அந்த வரி இல்லாமல் படித்துக்கொள்ளவும்.